எல்கன் தீவில் ஐந்தாவது ஞாயிறு

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கற்பூரம் அடித்தே சத்தியம் செய்யலாம். ஆனால் வேல்ஸின் மேற்குக் கரையில் கற்பூரம் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் எல்கன் தீவின் ஈரத்தில் அது பற்றாது. ஆகவே மெதடிஸ்ட் சபையின் வேதாகமத்தின்மேல் வலது கையையும் பாப்டிஸ்ட் சபையின் வேதாகமத்தின்மேல் இடது கையையும் வைத்துச் சொல்லப்படுகிறது. இரண்டும் ஒரே புத்தகம்தானே என்று கேட்பவர்கள் அந்தத் தீவில் குடியிருந்ததில்லை.

போர் முடிந்து, சீனிக்கு மட்டும் இன்னும் ரேஷன் இருந்த காலம். ஒரு திங்கட்கிழமை காலை, இத்வல் பியூ தன் வீட்டுக் கணப்படுப்பைக் கிளறினார். சாம்பல் வந்தது. இன்னும் கொஞ்சம் கிளறினார். இன்னும் கொஞ்சம் சாம்பல் வந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினார். ஆயிரத்து நானூறு வருடங்களாக அணையாமல் இருந்த நெருப்பு, நண்டின் வயிறு மாதிரிச் சில்லென்று இருந்தது.

"என்னண்ணே தேடுறே, கண்ணாடியா?" என்று பின்னால் வந்து நின்றாள் தங்கை டெக்வென்.

"நெருப்ப."

டெக்வென் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். "புனித எல்கன் வாயால ஊதிப் பத்தவெச்சது. வைக்கிங்குக்கு அணையல, நார்மனுக்கு அணையல, ஜெர்மன்காரன் குண்டு போட்டப்பக்கூட அணையல. உன்கிட்ட வந்து அணைஞ்சிருக்கு. பெருமையா இருக்குண்ணே."

இத்வல் கையிலிருந்த சாம்பலைத் தட்டினார். தீவின் வரலாறு முழுவதையும் மூச்சுவிடாமல் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். இன்றைக்கு அந்த வரலாற்றுக்கே மூச்சு நின்றிருந்தது.

விஷயம் சாம்பலோடு போவதாக இருந்தால் பரவாயில்லை. தீவு அக்கரைப் பிரபுவுக்குச் சொந்தம். பிரபுவின் கொள்ளுத்தாத்தாவுக்குக் கொள்ளுத்தாத்தா ஏதோ ஒரு ராஜாவிடமிருந்து அதை வாங்கியபோது ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்தது. பியூ வீட்டில் புனிதரின் நெருப்பு எரியும்வரை தீவிலிருந்து யாரையும் வெளியேற்ற முடியாது. அணைந்த அன்றைக்கு எல்லோரும் மூட்டை கட்ட வேண்டியது. வருடம் ஒருமுறை பிரபுவின் காரியஸ்தர் வருவார். அடுப்பிலிருந்து தன் புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு "எரியுது" என்பார். உலர்திராட்சை ரொட்டியில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். இத்தனை நூற்றாண்டாக இதுதான் எல்கனின் அரசாங்கம்.

பழைய பிரபு சாப்பாட்டுப் பிரியர், தீவைப் பற்றி நினைத்ததே இல்லை. பனிக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். பட்டத்துக்கு வந்த மகனுக்கு வாத்து சுடுவதில் ஆசை; வாத்து சுட ஆளில்லாத ஒரு தீவு இருந்தால் தேவலை என்று நாலு பேர் காதுபடச் சொல்லியிருந்தார். காரியஸ்தர் மிஸ்டர் பெவன் அன்று மதியம் வருவதாக இருந்தது.

"தீப்பெட்டி இருக்கு. எடுத்துட்டு வரவா?" என்றாள் டெக்வென்.

"தீக்குச்சியாலயா? அது பொய்யாயிடும். நான் மெதடிஸ்ட் சபை மூப்பர். பொய் சொல்லமாட்டேன்."

"அப்ப வருஷா வருஷம் காரியஸ்தர்கிட்டச் சொல்றியே, வேல்ஸோட கடைசி ராஜகுமாரன் நம்ம வீட்டுல ஒளிஞ்சிருந்து, போறப்ப கம்பளியத் தூக்கிட்டுப் போயிட்டாருன்னு?"

"அது வரலாறு" என்றார் இத்வல்.

நெருப்பு அணைந்ததற்கு அலட்சியம் காரணமில்லை. பக்திதான் காரணம்.

எல்கனில் ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யமாட்டார்கள். உருளைக்கிழங்கைச் சனிக்கிழமையே உரித்துவைத்துவிடுவார்கள். ஆட்டுக்குப் பால் கறப்பதைக்கூட ஆட்டின்மேலுள்ள ஜீவகாருண்யத்துக்காக என்று ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கறப்பார்கள். அடுப்பில் சேற்றுக்கரி போடுவது சந்தேகமில்லாமல் வேலை. சதுப்பில் வெட்டியெடுத்த மண்கட்டி, அதைத் தூக்க வேண்டும், அடுக்க வேண்டும், ஊத வேண்டும். மற்ற வீடுகளில் மண்ணெண்ணெய் அடுப்பு வந்துவிட்டதால் அவர்களுக்கு ஞாயிறன்று அடுப்பை மறந்துவிட முடிந்தது. புனிதரின் நெருப்பை மறக்க முடியாது. ஒருநாள் கரி போடாவிட்டால் போயிற்று.

ஆகவே, தீவிலிருந்த பதினோரு பேருக்கு ஒரு ஜெபக்கூடம் போதாமல் இரண்டாகப் பிரிந்த காலத்தில், பெரியவர்கள் கூடி ஓர் ஏற்பாடு செய்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் பாப்டிஸ்ட் ஒருவர் வந்து கரி போடுவார். மெதடிஸ்ட்களின் அபிப்பிராயத்தில் அவர் எப்படியும் நரகத்துக்குப் போகிறவர். ஒரு கூடைக் கரியால் கூடுதலாக என்ன கெட்டுவிடப் போகிறது? இரண்டாவதும் நான்காவதும் மெதடிஸ்ட் போடுவார். பாப்டிஸ்ட்களின் அபிப்பிராயமும் அதேதான். இவ்வளவு ஒற்றுமையான இரண்டு சபைகளை வேல்ஸில் வேறெங்கும் பார்க்க முடியாது.

சில மாதங்களில் ஐந்தாவது ஞாயிறு ஒன்று வந்து தொலைக்கும். அதற்கு லெட்டி ப்ரோதரோ இருந்தாள். விதவை, எழுபது தாண்டியவள், இங்கிலாந்து சபையைச் சேர்ந்தவள். கூரையில்லாத பழைய கோயிலில் அவள் ஒருத்தியே சபை, அவளே பாடகர் குழு, காணிக்கைத் தட்டை ஏந்துபவளும் அதில் போடுபவளும் அவளே. இங்கிலாந்து சபைக்காரிக்கு ஞாயிறும் ஒன்று, செவ்வாயும் ஒன்று என்று இரண்டு ஜெபக்கூடங்களும் ஏகமனதாக நம்பின. அவள் கூடையோடு வருவாள், கரி போடுவாள், யாரும் அவளுக்கு நன்றி சொல்லமாட்டார்கள், போய்விடுவாள்.

வசந்தத்தில் அவள் அக்கரையிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம், வரலாறு. போன வருடம் காரியஸ்தருக்கு இத்வல் தீவின் கதையைச் சொல்லும்போது அவள் ஓரமாக நின்று கேட்டாள். வாந்தியெடுத்த வைக்கிங் வந்தான், கம்பளி திருடிய ராஜகுமாரன் வந்தான், கடற்கொள்ளைக்காரனின் ஒற்றைக்கண் பூனைகூட வந்தது. இங்கிலாந்து சபையைப் பற்றி ஒரே வாக்கியம்: "பிறகு இங்கிலாந்து சபை வந்தது, அதனால் யாருக்கும் தொந்தரவில்லை." லெட்டி பனிக்காலம் முழுக்க அந்த வாக்கியத்தை மென்றாள். பிறகு சூப் காய்ச்சும் இரும்புப் பானையில் புனிதரின் அடுப்பிலிருந்து நாலு கங்குகளை அள்ளிக்கொண்டு, அக்கரை நெருப்பில் டீ ருசிக்காது என்று சொல்லிவிட்டுப் படகேறினாள்.

அவள் போனபின் வந்த முதல் ஐந்தாவது ஞாயிறு, நேற்று.

நேற்று முழுக்க இத்வல் கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையுமாக அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து, பாப்டிஸ்ட் ஹாப்கின் ரீஸ் வந்து ஓய்வுநாளை மீறுவதற்காகக் காத்திருந்தார். எதிர்வீட்டு ஜன்னலில் ஹாப்கின் ரீஸ், இத்வலின் புகைபோக்கியைப் பார்த்தபடி, இத்வல் ஓய்வுநாளை மீறுவதற்காகக் காத்திருந்தார். மற்றவன் மீறிவிட்டால் சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டலாம். மதியத்துக்கு மேல் புகை நூலாகியது. இருவரும் பார்த்தார்கள். அந்திக்கு நூலும் அறுந்தது. அதையும் இருவரும் பார்த்தார்கள். மனசாட்சி சுத்தமாக இருந்ததால் இரண்டு பேருக்கும் நல்ல தூக்கம்.

டெக்வென் ஹாப்கினைக் கையோடு இழுத்து வந்தாள். தீவின் ஒரே படகு அவருடையது. காரியஸ்தரைக் கூட்டிவர அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நேத்து ஏன்யா வரல?" என்றார் இத்வல்.

"நேத்து என் முறையா?"

"என் முறையும் இல்லையே."

"அப்ப ரெண்டு பேர் மேலயும் பாவமில்ல. சந்தோஷம். சொர்க்கத்துக்குப் போறவரைக்கும் அக்கரையில வாடகைக்கு எங்கயாவது இடம் பாத்துக்குவோம்."

"உனக்கென்னய்யா, முழுக்கு ஞானஸ்நானக்காரன், எங்க போனாலும் முழுகறதுக்குத் தண்ணி கிடைக்கும்."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றாள் டெக்வென். "ஹாப்கின், நேரா லெட்டி மக வீட்டுக்குப் போ. அவ பானையில இருக்கறது இந்த அடுப்பு நெருப்பு. அவ ஒருநாள்கூட அணையவிட்டிருக்கமாட்டா, நமக்குக் கோபம் வரட்டும்னாவது காப்பாத்திருப்பா. கால்ல விழுந்தாவது வாங்கிட்டு வா."

"பாப்டிஸ்ட் மனுஷன் கால்ல விழமாட்டான்."

"தண்ணியில விழத் தெரியுதில்ல? அதே மாதிரிதான். கொஞ்சம் காஞ்ச இடமாப் பாத்து விழு."

மதியம் இத்வலும் டெக்வெனும் இறங்குதுறையில் நின்றுகொண்டிருந்தார்கள். வழக்கம்போலக் காற்றில் உப்பு, காலடியில் பாசி. எல்கனில் எதுவும் முழுதாகக் காய்வதில்லை. வீட்டுச் சுவர்களில் மார்பளவுக்கு ஓர் உப்புக்கோடு ஓடும், அதை அலங்காரமாகவே விட்டுவிட்டார்கள்.

படகு வந்தது. முன்னால் வட்டத் தொப்பியோடு மிஸ்டர் பெவன். பின்னால் முகம் பச்சையாகிப்போன ஹாப்கின். பிறந்ததிலிருந்து படகோட்டி, இன்றைக்கும் கடல் ஒத்துக்கொள்ளாது. நடுவில், கறுப்புத் தொப்பியும் ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையுமாக, ஓர் இரும்புப் பானையின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் லெட்டி ப்ரோதரோ. பாவாடையின் ஓரத்திலிருந்து மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது.

"நல்லாருக்கீங்களா, மிஸ்டர் பியூ" என்று காரியஸ்தர் இறங்கினார். "இந்தம்மா உங்களுக்கு சூப் கொண்டுவர்றாங்களாம். சேத்துக்கரி வாசனை வருதேன்னு கேட்டேன்."

"அடி பிடிச்சிருச்சு சார்" என்றார் ஹாப்கின், கடலைப் பார்த்துக்கொண்டே.

"நல்லாவே பிடிச்சிருக்கு" என்றார் மிஸ்டர் பெவன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "புதுப் பிரபு சொல்லியனுப்பிச்சிருக்காரு. இந்தத் தடவை குனிஞ்சு, பக்கத்துல போய், நல்லாப் பாக்கணுமாம். மனசுல வெச்சுக்காதீங்க."

இத்வல் மனசில் வைத்துக்கொள்ள இடமில்லை. அங்கே ஏற்கெனவே கல் ஏற்றியிருந்தது. அவர் லெட்டிக்குக் கை கொடுத்துப் படகிலிருந்து இறக்குகிறமாதிரி குனிந்து கிசுகிசுத்தார்.

"டெக்வென்கிட்டப் பானையக் குடுத்துடுங்க லெட்டிம்மா. அவ முன்னாடி ஓடி அடுப்புல கொட்டிடுவா. நான் இவரச் சுத்தவிட்டுக் கூட்டிட்டு வர்றேன்."

"பானை என்னோடது. மூடியும் என்னோடது" என்றாள் லெட்டி. "இன்னிக்கு வரலாத்துல நான் வரணும். நெருப்பக் காப்பாத்துனது யாருன்னு இந்த ஆளு முன்னாடி, உன் வாயால வரணும். அதுவரைக்கும் இதுமேலதான் உக்காந்திருப்பேன். கதகதப்பா நல்லாத்தான் இருக்கு."

"உங்களைச் சொன்னா நெருப்பு அணைஞ்சதச் சொல்லணும்."

"சொல்லு."

"சொன்னாத் தீவு போயிடும்!"

"போகட்டுமே. எனக்குத்தான் அக்கரையில வீடு இருக்கே. மக வீடு. மாடியெல்லாம் இருக்கு."

இத்வல் தன் வாழ்நாளில் நடந்ததிலேயே மெதுவாக அன்று நடந்தார். இறங்குதுறையிலிருந்து வீட்டுக்கு, ஒருவன் தும்மி மூக்கைத் துடைப்பதற்குள் போய்விடலாம். அந்தத் தூரத்துக்குள் பதினான்கு நூற்றாண்டுகளை அடைக்க வேண்டும். கூடவே, லெட்டியைச் சொல்லாமல் லெட்டியைச் சொல்வது எப்படியென்று யோசிக்கவும் வேண்டும். டெக்வெனும் ஹாப்கினும் பானையை ஆளுக்கொரு காது பிடித்துத் தூக்கி வந்தார்கள். இத்வல் நின்ற இடத்திலெல்லாம் பானையை இறக்க வைத்து லெட்டி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் புனிதர். மாவரைக்கும் கல்லொன்றின்மேல் ஏறி, அயர்லாந்திலிருந்து மிதந்து வந்தார். தனிமையைத் தேடித்தான் வந்தார். தனிமையில் அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க அந்த வருடமே நானூறு பேர் வந்துவிட்டார்கள். இருபதாயிரம் புனிதர்கள் இந்த மண்ணில் அடக்கமாகியிருக்கிறார்கள்.

"எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம்" என்றார் மிஸ்டர் பெவன், சுற்றும் முற்றும் பார்த்து. "இருபதாயிரம் பேருக்கு இடம்?"

"நிக்கவெச்சுப் புதைச்சாங்க சார். அடக்கமானவங்க."

பிறகு வைக்கிங்குகள். ஒன்பது கப்பலில் கொள்ளையடிக்க வந்தார்கள், தீவைச் சுற்றிப் பார்த்தார்கள், மனம் பொறுக்காமல் ஒரு வெள்ளிக் கிண்ணத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். எல்கனின் முதல் காணிக்கை அதுதான். ஒருவன் மட்டும் கடல் ஒத்துக்கொள்ளாமல் இங்கேயே தங்கிவிட்டான். "நம்ம ஹாப்கின் அந்த வம்சம்" என்றார் இத்வல்.

"போன வருஷம் மூணு கப்பல்னீங்க. இப்ப ஒன்பது கப்பல்."

"ஆராய்ச்சி நடந்துக்கிட்டே இருக்கு சார்."

பிறகு நார்மன்கள் வந்து, கோட்டை கட்ட ஆரம்பித்து, வாசலை மட்டும் கட்டிவிட்டு உலர்வதற்காகக் காத்திருந்தார்கள். எழுபது வருடம் காத்திருந்தார்கள். பிறகு ராஜகுமாரன், கம்பளி. பிறகு பல தாரம் கட்டிய இங்கிலாந்து ராஜா மடங்களை இடித்த காலம். மடத்துக் கூரையிலிருக்கும் ஈயத்தைப் பிடுங்கிப் போக ஆட்கள் வந்தார்கள். கூரை புல், அதையும் ஆடு தின்றிருந்தது. ரசீது எழுதிக்கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். பிறகு கொள்ளைக்காரர்கள் புதையலைப் புதைத்தார்கள்; ஊரே தலைமுறை தலைமுறையாகத் தோண்டியதில் புதையல் வரவில்லை, உருளைக்கிழங்கு அமோகமாக விளைந்தது. தீவை அளந்து படம் வரைய அரசாங்கம் அனுப்பிய ஆட்கள் காலையில் வந்து அளவுச் சங்கிலியை விரித்தார்கள். மத்தியானம் என்ன நினைத்தார்களோ, சங்கிலியையும் விட்டுவிட்டு அலறிக்கொண்டு படகேறிப் போய்விட்டார்கள். பட்டணத்து ஆட்களுக்குப் பொறுமை கிடையாது.

பிறகு மெதடிஸ்ட் போதகர் ஒருவர் வந்து பிரசங்கம் செய்தார். ஒரே மாலையில் தீவு முழுக்க மனம் திரும்பியது. அடுத்த வாரம் பாப்டிஸ்ட் போதகர் வந்தார். பாதித் தீவு திரும்பவும் திரும்பியது. முழுக்கு ஞானஸ்நானத்துக்கு எல்கனில் தனியாகத் தண்ணீர் தேட வேண்டியதில்லை; சும்மா நின்றாலே போதும்.

இவ்வளவும் முடிந்து பார்த்தால் எல்லோரும் இத்வலின் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார்கள். நூற்றாண்டுகள் தீர்ந்துவிட்டன. லெட்டி வரவில்லை. அவள் பானையை அடுப்புக்குப் பக்கத்தில் இறக்க வைத்து, உட்கார்ந்து, கையிரண்டையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

மிஸ்டர் பெவன் ரொட்டியில் ஒரு துண்டு கடித்தார். டீயை முகர்ந்து பார்த்து, "மண்ணெண்ணெய் வாசனை வருதே" என்றார்.

"புது ரகம் சார்" என்றாள் டெக்வென்.

அவர் கோப்பையை வைத்துவிட்டுப் புகைக்குழாயில் புகையிலையை அமுக்கினார். ஒரு மரச் சிம்பை எடுத்தார். கணப்புக்கு முன்னால் முட்டிபோட்டுக் குனிந்தார். சாம்பல், எப்போதும்போலச் சாம்பல்தான் மேலே இருந்தது. அவர் சிம்பை உள்ளே நீட்டப்போனார்.

"ஒன்பதாம் நூற்றாண்ட விட்டுட்டேன் சார்!" என்று கத்தினார் இத்வல்.

சிம்பு பாதியில் நின்றது. "அங்க என்ன நடந்துச்சு?"

இத்வல் லெட்டியைப் பார்த்தார். லெட்டி கூரையைப் பார்த்தாள்.

"ஒன்பதாம் நூற்றாண்டுல" என்றார் இத்வல், நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இந்தத் தீவுல ரெண்டு துறவிங்க இருந்தாங்க சார். ஒருத்தரு ஒரு மடம், இன்னொருத்தரு இன்னொரு மடம். ரெண்டு பேருமே பெரிய மடையனுங்க."

ஹாப்கின் தொண்டையைக் கனைத்தார். "ஒருத்தன் இன்னொருத்தனைவிடக் கொஞ்சம் பெரிய மடையன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க."

"அது ஆராய்ச்சிக்குரியது" என்றார் இத்வல். "ரெண்டு பேரும் முறைவெச்சுப் புனிதரோட நெருப்பக் காத்தாங்க. முறை இல்லாத நாள்ல ஒரு விதவை வந்து காத்தா. அவளுக்கு யாரும் நன்றி சொல்லல. அவ பேர யாரும் எங்கயும் சொல்லவுமில்ல. அதனால ஒருநாள் கோவிச்சுக்கிட்டு, நாலு கங்கப் பானையில போட்டுக்கிட்டு, அக்கரைக்குப் போயிட்டா."

"அவ பாக்க எப்படி இருந்தா?" என்றாள் லெட்டி, கூரையிடம்.

"லட்சணமா இருந்தாங்க."

"வயசு?"

"வயசு சொல்ற மாதிரி இல்ல, இளமைதான்."

"ம்."

"அவ போனப்புறம் முறை இல்லாத ஒரு நாள் வந்துச்சு சார். அவன் போடட்டும்னு இவன் உக்காந்தான். இவன் போடட்டும்னு அவன் உக்காந்தான். ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருக்க, நெருப்பு…" இத்வலின் குரல் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து வழுக்கி நேற்றுக்கு வந்துவிட்டது. உண்மையிலேயே வலித்தது. "அணைஞ்சுபோச்சு. நான்… அந்த மெதடி… அந்தத் துறவி, அடுப்புக்கு நேரா உக்காந்திருந்தான் சார். கைக்கெட்டுற தூரத்துல கரி இருந்துச்சு. எடுத்துப் போடல."

மிஸ்டர் பெவன் முட்டிபோட்டபடியே இருந்தார்.

"அப்ப நெருப்பு ஒன்பதாம் நூற்றாண்டுலயே அணைஞ்சிருச்சு" என்றார் மெதுவாக. "அப்படின்னா நிபந்தனை?"

"அணையல சார்" என்றார் இத்வல். "ஊருக்குப் போயிருந்துச்சு. அந்தம்மா கொண்டுபோனது இதே நெருப்பு. ஒருநாள் விடாமக் காப்பாத்தி, கூப்பிட்டதும் அதே பானையில திருப்பிக் கொண்டுவந்தாங்க. இவங்க… அவங்க இல்லேன்னா இந்தத் தீவுல இன்னிக்கு ஒருத்தன் இருக்கமாட்டான். புனிதர் பத்தவெச்சாரு, அவ்வளவுதான். காப்பாத்துனது அந்தம்மா."

லெட்டியின் தொப்பி லேசாக ஆடியது.

"அந்த விதவை எந்தச் சபை?" என்று கேட்டார் மிஸ்டர் பெவன்.

இத்வல் கண்ணை மூடிக்கொண்டார். அறுபது வருட மெதடிஸ்ட் ரத்தத்தை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொன்னார்: "இங்கிலாந்து சபை சார்."

"ஒன்பதாம் நூற்றாண்டுலயா? அந்தச் சபையே பதினாறாம் நூற்றாண்டுலதானே வந்துச்சு?"

"சீக்கிரமே சேந்துட்டாங்க."

மிஸ்டர் பெவன் அவரைப் பார்த்தார். பிறகு பானையைப் பார்த்தார். பானை புகைந்துகொண்டிருந்தது.

"அத நினைச்சுத்தான் சார்" என்று டெக்வென் சடாரென்று முன்னால் வந்தாள், "வருஷா வருஷம் காரியஸ்தர் முன்னாடி ஒரு விதவை பானையிலேருந்து கங்க எடுத்து அடுப்புல போடுற சடங்கு. பழைய சடங்கு. இப்ப நடக்கப்போகுது."

"போன வருஷம் நடக்கலையே?"

"போன வருஷம் விதவைக்கு ஜலதோஷம்."

லெட்டி எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். மூடியைத் திறந்தாள். நீறு பூத்த கங்குகளை அவள் ஒரு தடவை ஊதியதும், சிவப்பு வெளிச்சம் எல்லோர் முகத்திலும் அடித்தது. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து அடுப்பில் வைத்தாள். இத்வல் கரிக்கட்டிகளை அடுக்கினார். ஹாப்கினும் கூடச் சேர்ந்து அடுக்கினார். ஒரு மெதடிஸ்டும் ஒரு பாப்டிஸ்டும் ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் கரி போட்டது எல்கனின் வரலாற்றில் அதுவே முதல்முறை. சிம்பு பற்றியது. புகைக்குழாய் பற்றியது.

"எரியுது" என்றார் மிஸ்டர் பெவன்.

படகேறும்போது அவர் இத்வலின் தோளில் கை வைத்தார். "நான் சுயாதீன சபைங்கிற இன்னொரு சபை, மிஸ்டர் பியூ. எங்க வீட்டுலயும் ஞாயித்துக்கிழமை அடுப்பத் தொடமாட்டோம். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கப் பொண்ணு வந்துதான் பத்தவெச்சிட்டுப் போகும். இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொன்னதில்ல. போனதும் அவளுக்கும் நல்லதா ஒரு நூற்றாண்டு பாத்து வைக்கணும்."

புதுப் பிரபு வேறெங்கோ வாத்து சுட்டார். லெட்டி மாடி வீட்டை மகளுக்கே விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். ஐந்தாவது ஞாயிறுகள் மறுபடி அவளுடையவை. பானைச் சடங்கு வருடம் தவறாமல் நடக்கிறது. பல்கலைக்கழகத்து ஆள் ஒருவர் வந்து, அது கிறிஸ்தவத்துக்கும் முந்தியது என்று நிரூபித்துவிட்டுப் போனார். ஒன்பதாம் நூற்றாண்டோடு லெட்டி நிறுத்திக்கொள்ளவில்லை. வைக்கிங்குகளுக்குக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தவளும், ராஜகுமாரனுக்கு வேறு கம்பளி கொடுத்தவளும் இங்கிலாந்து சபை விதவைகளே என்று இப்போது தெரியவந்திருக்கிறது. இத்வல் மறுப்பதில்லை. ஆராய்ச்சி நடந்துகொண்டே இருக்கிறது.

மாலுமிகளின் கடற்படத்தில் எல்கன், நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறும்போது மூன்று ஆள் ஆழத்துக்கு மூழ்கிவிடும் ஒரு மொட்டைப் பாறை.